ஆறாவது கேசட்டைத் தேடி ஆவடிக்கு

என் கையெழுத்து கோழி சீய்த்த மாதிரி இருக்கும். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரைதான் படித்தேன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம். கோயில் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை எழுதித் தரும்படி செயலாளர் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ எழுது, பிழையெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன். இதற்குமேலும் பிழை இருந்தால் பாதி அவருடையது.

மலேசியாவில் எங்கள் கெடா பக்கத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் பழநிக்குப் போவார்கள், திருப்பதிக்குப் போவார்கள், வரும்போது பெட்டி நிறையப் புடவை கொண்டுவருவார்கள். நான் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் போனேன். ஒரு கேசட்டுக்காகப் போனேன். புடவைகூட வாங்கவில்லை.

என் மனைவி பாக்கியத்துக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுக்கையில் இருந்த நேரம் அது. டாக்டர்கள் பக்குவமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். டாக்டர் பக்குவமாகப் பேசினால் அர்த்தம் என்ன என்று தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பாக்கியத்தின் பெரியப்பா மகன் கோதண்டம் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவன் அவளுக்கு ஐந்து கேசட் அனுப்பியிருந்தான். திருவேற்காட்டில் இருக்கும் தேசிகர் ஒருவர், யோகம் என்றால் என்ன, ஆன்மா என்றால் என்ன என்று சொல்லும் பழைய உபநிஷத்து ஒன்றைப் பற்றிப் பேசிய சொற்பொழிவு. அந்த நூலில் ஆறு பகுதி. கேசட்டோ ஐந்து.

ஐந்தாவது கேசட்டின் முடிவில் தேசிகர் இடிமுழக்கமாகச் சொல்வார்: "இந்த உயிர் உடம்பை விட்டுப் புறப்படும்போது எந்த வழியாகப் போகிறது? எங்கே போகிறது? நாளை பார்ப்போம்!" கைதட்டல். அதோடு டக்கென்று நின்றுவிடும்.

அந்த நாளை ஒரு வருடமாக வரவில்லை.

"இந்த மனுசன் நாளைக்கின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு எத்தன நாளைக்கு இருக்குன்னு அவருக்கு என்னா தெரியும்?" என்றாள் பாக்கியம். "நீங்களே ஒரு எட்டுப் போயி வாங்கிட்டு வந்துருங்க. கடைசிப் பாகம் கேக்காம நான் போகமாட்டேன்."

நான் கூச்சக்காரன். பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும் இடத்தில் இறங்கி நடந்துவருகிற ஆள். என்னைப் போய் வெளிநாட்டுக்கு அனுப்பினாள். அவள் தங்கை வந்து பார்த்துக்கொள்ள, ஒரு வார விடுப்பில் கிளம்பினேன்.

மீனம்பாக்கத்தில் கோதண்டம் காத்திருந்தான். "இன்னா மாமா, இப்புடி எளச்சிப் பூட்டீங்கோ!" என்றபடி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். அவனுக்காக நான் கொண்டுவந்திருந்த டேப்ரிக்கார்டரைக் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டான். மூவரும், அதாவது அவனும் நானும் டேப்ரிக்கார்டரும், ஆட்டோவில் ஏறினோம்.

மூன்றாவது கேசட்டில் தேசிகர் சொல்வார்: உடம்பு ஒரு தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், அறிவு சாரதி. எங்கள் சாரதிக்குக் கடிவாளமும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஹாரன் மட்டும் இருந்தது. பாடி என்கிற ஊரைத் தாண்டியதும் அதுவும் நின்றது. வண்டியே நின்றுவிட்டது. "எறங்கு நைனா" என்றார் சாரதி. இறங்கினோம். ஆட்டோவை அப்படியே ஒருபக்கமாகச் சாய்த்து, கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினார். டேங்கின் மூலையில் ஒளிந்திருந்த பெட்ரோல் இறங்கிவந்தது. அந்தக் கடைசிச் சொட்டில் ஆவடிவரை போனோம். எங்கள் ஊரில் இந்த வித்தை யாருக்கும் தெரியாது. எங்களிடம் பெட்ரோல் அதிகம், யோகம் குறைவு.

கோதண்டம் இருப்பது தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயம்போலவேதான், தகரத்துக்குப் பதில் காங்கிரீட். ஒரு வரிசையில் மதுரைக்காரர், அடுத்த வரிசையில் நாகர்கோவில்காரர், எதிரே கோயம்புத்தூர்க்காரர். எல்லாரையும் ஒரே சங்கு ஊதி எழுப்புகிறது. கோதண்டத்தின் மனைவி சரோஜா, "அண்ணே, கை கழுவிட்டு உக்காருங்க" என்று வெண்பொங்கல் வைத்தாள். மார்கழி மாதம், குளிருக்கு இதமாக இருந்தது. எங்கள் ஊரில் பொங்கலில் நெய் இருக்கும், மிளகைத் தேட வேண்டும். இங்கே மிளகு இருந்தது, நெய்யைத் தேட வேண்டியிருந்தது.

"ஆறாவது கேசட்டா?" என்றான் கோதண்டம். "இந்தக் குவார்ட்டர்ஸ்ல எல்லா ஊட்லயும் அஞ்சு கீது மாமா. ஆறாவது ஒருத்தங்கிட்டயும் இல்ல. கடைக்காரன் வரும் வரும்ன்றான்."

மறுநாள் அம்பத்தூரில் அந்தக் கேசட் கடைக்குப் போனோம். ஆவடியிலிருந்து மின்சார ரயில். ஏறுவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, பின்னால் இருந்தவர்கள் ஏற்றினார்கள். இறங்குவதற்கும் அவர்களே உதவினார்கள்.

கடைக்காரர் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டே, "ஆறாவதா? வரும்" என்றார்.

"இவரு அதுக்காவ மலேசியாலருந்து வந்துக்கீறாரு" என்றான் கோதண்டம்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பரிதாபம் வந்துவிட்டது போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தினார். "அத்த அவரு பேசவே இல்ல சார். வருசா வருசம் மண்டபத்துல அஞ்சு நாள் பேசுவாரு. அஞ்சாம் நாளு மங்களம் பாடி, சுண்டல் குடுத்து அனுப்பிடுவாங்கோ. பேசாதத நான் எங்கருந்து பதிவு பண்றது?"

"அப்ப ஏன்யா வரும் வரும்ன்றே?"

"வராதுன்னு சொன்னா அஞ்சாவதயும் வாங்கமாட்டாங்கோ அண்ணாத்தே."

எனக்குத் தலை சுற்றியது. பாக்கியம் காத்திருப்பது இல்லாத ஒன்றுக்காக. கோதண்டம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி கிளாஸின் சூட்டில் விரல் வெந்ததில் கொஞ்சம் தெளிவு வந்தது. "பேசலேன்னா இன்னா மாமா? பேச வைப்போம். ஆளு உசிரோடதானே கீறாரு?" என்றான்.

அடுத்த நாள் காலை திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் தேசிகரின் வீட்டைக் கண்டுபிடித்தோம். கேசட்டில் கேட்ட குரலுக்கு நான் யானை மாதிரி ஒரு ஆளை நினைத்து வைத்திருந்தேன். கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கோதண்டம்தான் சொன்னான். நான் பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தேசிகர் பெருமூச்சு விட்டார். "அம்பத்தூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர் இனாமாக இடம் தருகிறார். ஐந்து நாள் ஆன்மாவுக்கு அழிவில்லை என்று பேசுகிறேன், தலையாட்டிக் கேட்கிறார். ஆறாம் பகுதிக்கு வந்து 'உயிர் பிரியும்போது' என்று ஆரம்பித்தால் மைக்கை அணைத்துவிடுகிறார். கல்யாணம் நடக்கிற இடத்தில் அந்தப் பேச்சு ஆகாதாம். நான் என்ன செய்ய?"

"வேற எடத்துல பேசலாமே சாமி?"

"எங்கே? இடத்தை மட்டும் காட்டுங்கள், நான் தயார்" என்றார் தேசிகர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார். இடம் கிடைக்காது என்ற தைரியம் அதில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்றே மண்டபத்துக்காரரைப் பார்த்தோம். பெரிய நெற்றி, பெரிய விபூதி. "எனக்கு ஆன்மா மேல ஒரு கோபமும் இல்லீங்க" என்றார். "ஆன்மா வரட்டும், உக்காரட்டும், சுண்டல் சாப்பிடட்டும். போற கத மட்டும் நம்ம மண்டபத்துல வாணாம். தை பொறந்தா பூரா புக்கிங். ஆன்மா அழியாதுன்னு நான் நம்பறேன். பொண்ணு ஊட்டுக்காரங்க நம்பணுமே?"

"ஒரே ஒரு மணி நேரங்க, காலியா இருக்கறப்போ" என்று கோதண்டம் கெஞ்சினான்.

"சுவத்துக்குக் காது கீதுப்பா" என்றார் அவர்.

குவார்ட்டர்ஸில் நலச் சங்கக் கூடம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், எங்களுக்கு உளுந்தவடை கொடுத்தார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. நாளைக்கழிச்சு நம்ம ஹால்ல ஒரு வளைகாப்பு இருக்கு" என்றார். பிறகு யோசித்து, "ஒண்ணு செய்யலாம். அந்தச் சொல்லு வராமப் பேசச் சொல்லுங்களேன். உயிர் மாற்றலாகிப் போகுதுன்னு வச்சுக்கிடுவோம். டிரான்ஸ்ஃபர்!" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் காயை விட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள்.

"டிரான்ஸ்ஃபரா? யார் வாயில என்ன வருது? ஜபல்பூர் பேக்டரிக்குத் தூக்கிப் போட்டுருவான்யா!"

"சாவுன்னே சொல்லச் சொல்லுங்க சார், டிரான்ஸ்ஃபர்னு மட்டும் வேணாம்!"

ஒரே கூச்சல். செயலாளர் இன்னொரு வடையைக் கொடுத்து எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஊருக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. பாக்கியத்துக்கு டெலிபோன் பண்ணலாம் என்றான் கோதண்டம். பண்ணி என்ன சொல்வது? நாளை என்றா?

காலையில் நேராகத் தேசிகர் வீட்டுக்கே போனோம். அவர் வீட்டுக்கூடத்திலேயே பேசிவிடட்டும் என்று டேப்ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு போனோம். தேசிகர் மறுக்கவில்லை. அவர் மனைவி மறுத்தார். "மருமக முழுகாம இருக்கா. அஞ்சு நாள் ஊருக்குச் சொல்லிட்டு ஆறாம் நாளை என் வீட்டுக்குக் கொண்டாறீங்களா?" என்று கேட்டபடி டேப்ரிக்கார்டரைத் தூக்கி வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தார். ஐந்து கேசட் முழுக்க இடிபோல முழங்கிய மனிதர், "சரி, சரி" என்று செருப்பைத் தேடினார்.

"வெள்ளானூர் பக்கம் சும்மா வயக்காடுதான். அங்க யாரு கேக்கப்போறா?" என்றான் கோதண்டம். பஸ் ஏறிப் போனோம். வயல் இருந்தது, நடவு இல்லை. எல்லை பிரித்து வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் தேசிகர் கண்ணை மூடி, தொண்டையைச் செருமி, "உயிர் பிரியும்போது..." என்று ஆரம்பித்தார். எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் புழுதியோடு வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட மனைத் தரகர்.

"இன்னா சார் இது? ப்ளாட் பாக்க பார்ட்டி வர்ற நேரத்துல எழவு பேச்சு பேசிகினு கீறீங்க! இது சுடுகாட்டு நெலம்னு நெனச்சுக்கமாட்டான்? மூணாவது தெருவுல பிள்ளையார் கோயிலுக்கு எடம் வுட்டுக்கீறேன், அங்க போயி நல்லதா நாலு வார்த்த சொல்லுங்கோ."

தேசிகர் எழுந்து வேட்டியில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். பரீட்சை ரத்தான பிள்ளையின் முகம்தான் இருந்தது. "பிராப்தம் இல்லை ஐயா. நம் கையில் என்ன இருக்கிறது?" என்றார் என்னிடம். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்காக ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறினோம். அங்கே இறங்கித் திருவேற்காட்டுக்கு வேன் பிடித்தால் போதும். பூந்தமல்லிக்குள் நுழைந்ததும் பஸ் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சராகத்தான் இருக்கிறது என்று கண்டக்டர் ஒரு வருத்தமும் இல்லாமல் சொன்னார். எல்லாரும் இறங்கினோம். உச்சி வெயில். பக்கத்தில் நிழல் இருந்த கடை ஒன்றுதான். மற்றப் பயணிகள் ஏன் அந்த நிழலுக்குப் போகாமல் வெயிலில் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். சவப்பெட்டிக் கடை.

தேசிகருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்ததால் வேறு வழியில்லாமல் உள்ளே போனோம். மரச்சீவல் வாசனை. சுவரோரம் பெட்டிகள் நின்றுகொண்டிருந்தன, உள்ளே ஊதாத் துணி தைத்து. கடைக்காரர் அந்தோணி இழைப்புளி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்லவில்லை. ஸ்டூலைக் காட்டினார். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்தக் கடைல யாரையும் வான்னு கூப்புடறதில்ல" என்றார். "எங்கப்பா காலத்துலருந்து அப்டித்தான். கெளம்பறவங்கள போய்ட்டு வாங்கன்னும் சொல்றதில்ல. திரும்பி இன்னாத்துக்கு வரணும்?"

தேசிகர் தண்ணீரைக் குடித்து முடித்தார். கோதண்டம் பஸ்ஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெட்டிகளைப் பார்த்தேன். இத்தனை நாளாக அம்பத்தூரிலும் ஆவடியிலும் வெள்ளானூரிலும் நாங்கள் தேடிய இடம் இதுதான் என்று எனக்குப் பட்டது. யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் மணி அடிக்க வேறு ஆள் இல்லாத நாள் அது.

"இங்கே பேசலாமா?" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடானது. ஆனாலும் நிறுத்தவில்லை. அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கியம், ஐந்து கேசட், நாளை பார்ப்போம், சுண்டல், வளைகாப்பு, பிளாட். இந்தப் பயணத்தில் நான் மொத்தமாகப் பேசியதைவிட அது அதிகம்.

அந்தோணி இழைப்புளியைக் கீழே வைத்தார். "தாராளமா பேசட்டும். எனக்கின்னா? ஆனா ஆணி அடிக்கறத நிறுத்தமாட்டேன். அவசரப் பெட்டி ஒண்ணு கீது."

இப்போது தேசிகர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கவே இல்லை. "இப்போது எமகண்டமாக இருக்குமே" என்றார்.

"இந்தக் கடைக்கு எமகண்டம் கெடையாதுங்க ஐயா" என்றார் அந்தோணி.

"தொண்டை வேறு..."

"சுக்குக் காப்பி வரவழைக்கிறேன்."

தேசிகர் எழுந்து நின்று மப்ளரைச் சரிசெய்தார். அந்தோணியின் பார்வை அவர் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை இறங்கியது.

"என்ன பார்க்கிறீர்?" என்றார் தேசிகர்.

"ஒண்ணுமில்லீங்க. பழக்கம்."

தேசிகர் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை அளக்க முடியாதல்லவா. கோதண்டம் அந்த நேரம் பார்த்து டேப்ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். கேசட் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேசாமல் இருந்தால் வீணாகிவிடும் என்ற நிலை வந்ததும் பேசினார்.

முதலில் கேசட் குரலில்தான் பேசினார். ஐந்து புலனும் மனமும் ஆடாமல் நிற்பதுதான் யோகம் என்றார். டொக் டொக் என்று ஆணி இறங்கியது. இதயத்திலிருந்து எத்தனையோ நாடி கிளம்புகிறது, அதில் ஒன்று மட்டும் உச்சந்தலைக்குப் போகிறது என்றார். டொக். தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கை உருவுவதுபோல, அவசரப்படாமல், உடம்பிலிருந்து ஆன்மாவைப் பிரித்து அறிய வேண்டும் என்றார். டொக் டொக். சாலையில் யாரோ கண்டக்டரை வைதுகொண்டிருந்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. என் வயதிருக்கும் ஒருவர் இறங்கி வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அந்தோணி வா என்று சொல்லவில்லை. சுத்தியலை மட்டும் கீழே வைத்தார்.

"எங்கப்பா" என்றார் வந்தவர். "அஞ்சரை அடி. ஒல்லியாத்தான் இருப்பாரு. இன்னிக்கே கெடைக்குமா?"

"நாலு மணிக்கு எடுத்துக்கலாம்."

வந்தவர் அப்போதுதான் தேசிகரைக் கவனித்தார். டேப்ரிக்கார்டரையும் பார்த்தார். "நீங்க பேசுங்க சாமி. நான் ஓரமா நின்னுகினு இருக்கேன். ஊட்ல ஒரே கூட்டம், அங்க நிக்க முடியல" என்றார்.

தேசிகர் மப்ளரின் நுனியைப் பிடித்துக்கொண்டார். கேசட் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கோதண்டம் நிறுத்தப் போனான், நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். தேசிகர் எழுந்தார். ஸ்டூலை அந்த மனிதரிடம் தள்ளினார். இப்போது அந்தோணி அளந்தாலும் அளந்துகொள்ளட்டும் என்பதுபோல் நிமிர்ந்து நின்றார்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"ரெண்டு வாய் காப்பி. சூடு பத்தலன்னாரு."

"திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தீர்களா?"

"எடுத்துகினு போனேன். அதுக்குள்ள..."

தேசிகர் பேசினார். இடி இல்லை, முழக்கம் இல்லை, எதிர்வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். "இந்த நூலில் வழி சொல்லியிருக்கிறார்கள். உயிர் இதயத்திலிருந்து கிளம்பி மேலே போகிறது என்று. பயப்பட ஒன்றுமில்லை என்று. நான் நாற்பது வருடமாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்த்ததில்லை. பயமும் போகவில்லை. ஆனால் சொல்லியிருப்பது அழகாக இருக்கிறது. இருங்கள், முழுக்கச் சொல்கிறேன்."

முழுக்கச் சொன்னார். கேசட்டின் இரண்டு பக்கமும் முடியும்வரை அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அந்தோணி மறுபடி ஆணி அடிக்க ஆரம்பித்திருந்தார். இந்தமுறை மெதுவாக அடித்தார்.

கிளம்பும்போது யாரும் யாரையும் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. அது மரியாதையாகவே இருந்தது. வெளியே டயர் மாற்றியாகிவிட்டது. தேசிகர் வேனில் ஏறும்போது மப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

கேசட்டுக்கு இனி ஆபத்தில்லை என்றுதான் நினைத்தேன். கோதண்டம் வழியில் அம்பத்தூர்க் கடைக்காரரிடம் ஒரு பிரதி எடுக்கக் கொடுத்தான். ஆறாவது என்றதும் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கே பதிவானது என்றதும் மேஜையில் வைத்துவிட்டு, ஊதுபத்திச் சாம்பலால் கையைத் துடைத்துக்கொண்டார். "இது நம்ம கடைல வாணாம்ணே. வரும்னே சொல்லிக்கறேன்" என்றார்.

குவார்ட்டர்ஸ் வாசலில் சரோஜா மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்றாள். எந்தக் கடையிலிருந்து வருகிறோம் என்று டெலிபோனில் உளறியிருந்தான் கோதண்டம். "அங்கியே நில்லுங்க ரெண்டு பேரும்!" என்றாள். கோதண்டம் தலையில் ஒரு செம்பு, டேப்ரிக்கார்டர் தலையில் ஒரு செம்பு. வெளிநாட்டுச் சாமான், மஞ்சள் வழிய ஒருமுறை கீ என்று கத்திவிட்டு அடங்கியது. அடுத்த செம்பு என் சட்டைப்பையை நோக்கி வந்தது. அதற்குள்தான் கேசட் இருந்தது.

"ஊத்தாதே!" என்று கத்தினேன். அந்த வரிசையில் எல்லாக் கதவும் திறந்தது. மதுரை, நாகர்கோவில், கோயம்புத்தூர் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கேசட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊத்தும்மா" என்றேன். ஊற்றினாள். பழநிக்குப் போனவர்கள்கூட அப்படி நனைந்திருக்கமாட்டார்கள்.

ஊர் வந்து சேர்ந்த அன்றே பாக்கியத்தின் தலைமாட்டில் கேசட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"அது என்னா டொக்கு டொக்குன்னு?"

கோயில் திருப்பணி என்று சொல்லத்தான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "பெட்டி அடிக்கிறாங்க" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள். இருமல் வந்து, நான் நெஞ்சைத் தடவிக் கொடுக்கும்வரை சிரித்தாள். "எனக்கு முன்னாடி நீங்க போயி எடம் பாத்துட்டு வந்திட்டீங்க" என்றாள்.

பிறகு அந்த மனிதர் குரல் வந்தது. அஞ்சரை அடி, ஒல்லி, இன்னிக்கே கெடைக்குமா. பாக்கியம் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். திரும்பப் போடச் சொன்னாள். இரண்டு வாய் காப்பிவரை கேட்டாள்.

"அந்தப் பெரியவரு பேரு என்னான்னு கேட்டீங்களா?"

"கேக்கல. கூச்சமா இருந்துச்சு."

"மலேசியாலருந்து போயி, இதக் கேக்காம வந்திருக்கீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் கேசட்டை எத்தனையோ முறை கேட்டாள். நாடி எந்த வழியாகப் போகிறது என்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை, அதை நான்தான் கவனித்துக் கேட்டேன். ஆனால் சாயங்காலம் விளக்கேற்றும்போது தன் அப்பா பேர், அம்மா பேர், செத்துப்போன பெரியண்ணன் பேர் எல்லாம் சொல்லி, கடைசியில், "பூந்தமல்லி அஞ்சரை அடிக்காரரு" என்பாள். எழுந்து விளக்கேற்ற முடியாமல் போனபின் என்னை ஏற்றச் சொல்லி, படுக்கையிலிருந்து சொன்னாள். கடைசி வாரத்தில் குரல் எழவில்லை. நான் பேர்களைச் சொல்ல, உதடு மட்டும் அசைந்தது. ஒருநாள் நான் மறந்துபோய் அந்தக் கடைசிப் பேரை விட்டுவிட்டேன். கண்ணாலேயே அதட்டினாள்.

அவளுக்குக் காப்பி சூடாகத்தான் கொடுத்தேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

இப்போது நான்தான் விளக்கேற்றுகிறேன். அவளுடைய ஆட்கள் எல்லாரையும் சொல்லி, பூந்தமல்லிக்காரரைச் சொல்லி, அவருக்கு அடுத்ததாகப் பாக்கியத்தைச் சொல்கிறேன்.

இதை எழுதி முடித்தது, பாக்கியத்துக்கு முதல் திதி கொடுத்த மறுநாள்,
14 ஆகஸ்டு 1992.